கடைசிச் சொல்லை வாசித்தவர்

கொழும்பு வெள்ளவத்தையில் பன்னிரண்டு வருடமாக இணைய விளம்பரக் கடை நடத்துகிறவன் நான். அப்படிப்பட்ட எனக்குத் தேடல் பெட்டியைக் கண்டால் இப்போது பயம். ஒரு கிழமையாகப் போனைக் கையில் எடுப்பதும், இரண்டு சொல் அடிப்பதும், அழிப்பதுமாக இருக்கிறேன். மனைவி கேட்டால், "மெசேஜ் பாக்கிறன்" என்கிறேன். என்ன தேடப் போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பயத்தை எனக்குத் தந்துவிட்டுப் போனவர் அவர்தான்.

என்னைவிட மூன்று வயது மூத்தவர். அலுவலகத்தில் எல்லாரும் அக்கா என்றார்கள். நானும் முதலாளி என்ற எடுப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு அக்கா என்றே கூப்பிட்டேன். கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் வழங்காமல்போன தாயோடு தனியே இருந்தார். விடிய எழும்பித் தாயைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, துடைத்து, சாப்பாடு தீத்தி, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் புறக்கோட்டைக்கு வந்து, அங்கே பஸ் மாறி எங்களிடம் வந்து சேர ஒன்பதரை ஆகும். வந்ததும் சீனி போடாத பிளேன்டீ. பிறகு பென்சில் சீவுவார். கணினியைச் சுற்றிப் பிழைக்கும் அந்த அலுவலகத்தில் பென்சில் சீவிய ஒரே ஆள் அவர்தான்.

அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது, அவர் இணையத்தில் எதையும் தேடமாட்டார் என்பது. ஒரு மருந்து எதற்கென்று தெரியவேண்டுமென்றால் பார்மசிக்கு நடந்துபோய்க் கேட்பார். பஸ் நேரத்தைக் கொண்டக்டரிடம் சிங்களத்தில் கேட்பார். இடியப்ப மா ஏன் வெடிக்கிறது என்று, கீழே சேலைக்கடை வைத்திருந்த முதலாளியின் மனைவியை மறித்துவைத்துக் கேட்பார். 

"ஒரு செக்கன் வேலை அக்கா. போனில அடிச்சால் வந்திடும்" என்றேன் ஒருநாள்.

"நாங்கள் என்ன வேலை செய்யிறம் எண்டு தெரிஞ்சுமா தம்பி?"

"ஊருக்கெல்லாம் சாராயம் ஊத்திக் குடுத்துப்போட்டு நீங்கள் மட்டும் ஒரு சொட்டும் தொடமாட்டியள் போல."

"ஊத்திறவைக்குத்தானே தெரியும், குடிச்சவன் எங்க விழுந்து கிடக்கிறான் எண்டு."

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தேடல் பெட்டியில் எதையோ அடிக்கிறார். அந்தச் சொல்லுக்கு நாங்கள் முன்கூட்டியே விலை கட்டியிருப்போம். பதில்களுக்கு மேலே எங்கள் வாடிக்கையாளரின் விளம்பரம் போய் நிற்கும். அவர் அதை விரலால் அமத்தினால் எங்களுக்குப் பிழைப்பு. கிழமைக்கு ஒருமுறை ஒரு பட்டியல் வரும். என்ன சொல்லை அடித்தார்கள், எந்தப் பகுதியில், எந்த மணிக்கு, எத்தனை பேர் அமத்தினார்கள் என்று அதில் இருக்கும். ஆள் யார் என்று இராது. அந்தப் பட்டியலில் இருந்துதான் சனம் எதை வாங்கப்போகிறது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

நானும் மற்றவர்களும் எண்ணிக்கையைப் பார்ப்போம். அதிகம் தேடிய சொல் எதுவோ அதற்குக் கூடுதல் விலை கட்டுவோம். அக்கா அப்படி இல்லை. திங்கட்கிழமை காலை பட்டியலைத் தாளில் எடுத்துத் தரச்சொல்லுவார். வரி வரியாக வாசித்து, ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லின் கீழ் மட்டும் பென்சிலால் கோடிடுவார்.

"முதல் சொல்லை ஆருக்கும் சொல்லுவினம். முதுகு நோகுது எண்டு பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவைக்கும் சொல்லலாம்தானே. கடைசிச் சொல்லைத்தான் ஒருத்தருக்கும் சொல்லாயினம்" என்று விளக்கினார். அன்று அவர் கையில் இருந்த தாளில் 'முதுகு நோ' என்று தொடங்கிய வரிகள் பல. ஒன்று 'வேலை' என்று முடிந்தது. ஒன்று 'கல்யாணம்' என்று முடிந்தது. இன்னொன்று 'கிட்னி விற்றவர்' என்று முடிந்தது. அந்த மூன்றாவது வரிக்குக் கீழ் கோடு போட்டுவிட்டுப் பென்சிலை வைத்தார்.

சேலைக்கடைக் கதையைச் சொன்னால் அவருடைய வாசிப்பு விளங்கும். கீழ்க்கடை முதலாளிக்கு நாங்கள்தான் விளம்பரம் போட்டோம். பட்டியலில் 'வெள்ளைச் சேலை வெள்ளவத்தை இன்றைக்கு' என்று அடிக்கடி வந்தது. நான் கெட்டிக்காரன் அல்லவா, உடனே 'வெள்ளைச் சேலைகளுக்கு விசேட விலைக்கழிவு' என்று எழுதிப்போட்டேன். பலரும் பார்த்தார்கள், வாங்க ஒருவரும் வரவில்லை. அக்கா பட்டியலை எடுத்து 'இன்றைக்கு' என்ற சொல்லின் கீழ் அழுத்திக் கோடு போட்டார்.

"செத்தவீட்டுக்காரிக்கு விலைக்கழிவு குடுக்கிறியளா தம்பி?"

அவர் என் வசனத்தைத் தூக்கிவிட்டு 'கடை காலை ஏழு மணிக்குத் திறக்கும்' என்று மட்டும் போட்டார். பிறகு கீழே போய், பத்து மணிக்குக் கடை திறந்து பழகிய முதலாளியோடு சண்டைபிடித்து, ஏழு மணிக்குத் திறக்க வைத்தார். அந்த மாதத்திலிருந்து வெள்ளைச் சேலை வாங்க யாராவது வந்து நிற்காத காலை இல்லை. முதலாளி அக்காவைச் சாத்திரக்காரி என்று நம்பி, மகளின் கல்யாணத்துக்கு நாள் கேட்டு வந்தார். அக்கா அவரைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

நான் அப்போது சிரித்தேன். ஆனால் அக்கா சிரித்ததாக நினைவில்லை. தெரிந்துகொள்வது அவருக்குச் சந்தோசத்தைத் தரவில்லை. யாராவது மேசைக்குக் கிட்ட வந்தால் பட்டியலைச் சட்டென்று கவிழ்த்து வைப்பார். வேலை முடிந்ததும் தாள்களைக் கிழித்து, கழிவறையில் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கித்தான் குப்பையில் போடுவார். இது என்ன பைத்தியம் என்று நான் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை அவர் லீவில் நின்றபோது, வேலை முடியாமல் அவர் மேசையில் விட்டிருந்த தாள்களை எல்லாம் பேப்பர் வாங்குகிறவனுக்கு நான் கொடுத்துவிட்டேன். மறுநாள் அக்கா பஸ்ஸால் இறங்கிவரும்போது, சந்தைக்கு முன்னால் வடை வண்டியில் ஒருவர் இறால் வடையைச் சுற்றி வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். சுற்றிய தாளில் பென்சில் கோடு. அக்கா அலுவலகத்துக்கு ஏறிவந்தபோது இரண்டு கையிலும் வடைப் பொதிகள். வண்டியில் இருந்த வடை முழுவதையும் வாங்கினால்தான் தாள்களைத் தருவேன் என்று வடைக்காரன் சொல்லியிருக்கிறான் போல. அறுபது வடை. எண்ணெய் ஊறிய தாள்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"பேர் இல்லைத்தானே அக்கா. ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"வாசிக்கிற ஆளுக்குத் தெரியாது. எழுதின ஆள் அந்த வடையை வாங்கினால்?"

அன்று நாங்கள் எல்லாரும் வடை சாப்பிட்டோம். எனக்கு அதற்குப் பிறகு அந்தத் தாள்கள் கொஞ்சம் கனத்தன. ஆனால் வேலை என்றால் வேலைதான். மனம் கனக்கிறது என்று, எங்கள் அலுவலகம் இருக்கிற காலி வீதியில் ஒருவரும் வாடகையைக் குறைத்து வாங்குவதில்லை.

பின்னேரங்களில் சிலவேளை பஸ் தரிப்பு வரைக்கும் அவரோடு நடப்பேன். வெள்ளவத்தை எப்போதும்போல் இருக்கும். நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, கோயிலுக்குப் பூ வாங்குகிற கூட்டம், மருமகளோடு கறாராகக் கதைத்துப்போகிற மாமிமார். அக்கா தலையைக் குனிந்தே நடப்பார்.

"என்ன அக்கா, சனத்தைப் பாக்கமாட்டியளா?"

"பாத்தா யோசினை வருது. இதுகளில ஆர் அது எண்டு." கொஞ்சத் தூரம் போனபிறகு சொன்னார்: "எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு போகினம், என்ன?"

அவ்வளவுதான் சொன்னார். நான் அன்று வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தைக் கனநேரம் பார்த்தேன். இவள் என்ன தேடியிருப்பாள் என்று ஒரு பயம் வந்தது. கேட்கத் துணிவில்லை.

இனி ஹெந்தளை வைத்தியருக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போட்டிருப்பேன்.

அந்த ஆள் மிக மெதுவாகக் கதைப்பார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாயைத் திறந்தால் "கடவுள் சித்தம்". ஹெந்தளையில் கடலுக்குக் கிட்ட வீடொன்றை எடுத்து, உடம்பில் வருகிற கட்டிகளை எண்ணெயும் பச்சிலைப் பத்தும் போட்டுக் கரைப்பதாகச் சொன்னார். அவருக்காகக் கட்டி பற்றிச் சனம் எப்படியெல்லாம் தேடுகிறது என்று ஒரு பட்டியல் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். பென்சிலோடு தொடங்கினார். அரைப் பக்கம் போகுமுன் தாளைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இதை நான் தொடமாட்டன்."

"ஏன்?"

"இதில ஒருத்தருக்கும் கத்திக்குப் பயமில்லை தம்பி. கடைசிச் சொல்லைப் பாருங்கோ. 'ஒபரேஷன் எத்தனை நாள் லீவு.' 'ஒபரேஷன் முடிந்து சமையல்.' 'வார்ட்டில் நிற்க சின்னப் பிள்ளை.' தாங்கள் இல்லாட்டி வீடு என்ன ஆகும் எண்டுதான் இதுகளுக்குப் பயம். வீட்டை விட்டு ஒருநாள் போக ஏலாத சனம். இதுகளுக்கு நாங்கள் எண்ணெய் விக்கிறதா?"

"நாங்கள் விக்கேல்ல. அவர் விக்கிறார்."

"வாசலில நிண்டு கூப்பிடுறது ஆர்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அந்த மாதம்தான் எங்களை விட்டுப் போயிருந்தார். எல்லாருக்கும் படியளக்க வேண்டியவன் நான் என்ற நினைப்பு எனக்கு. "உங்களுக்கு ஏலாட்டி விடுங்கோ. நானே பாக்கிறன்" என்றேன். அவர் எழும்பிப் போய் பிளேன்டீ ஊற்றினார். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார்.

அன்று பின்னேரமே விளம்பரத்தை எழுதினேன். வசனத்துக்கு நான் எங்கேயும் அலையவில்லை. அக்கா சொன்னது காதிலேயே நின்றது. 'ஒபரேஷன் இல்லை. வார்ட்டில் படுக்கவேண்டியதில்லை. உங்கள் வீட்டை ஒருநாளும் விட்டுப் பிரியாமல் கட்டிகள் கரையும்.' எழுதி முடித்து வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. நல்ல வசனம் எழுதினால் எனக்கு அப்படித்தான்.

வசனம் சனத்தை அள்ளிக்கொண்டு வந்தது. பதினைந்து நாளில் ஹெந்தளையில் இடம் போதாமல், வத்தளையிலும் ஓர் அறை எடுத்தார்கள். வைத்தியர் எங்களுக்கு ஒரு பெட்டி மாம்பழம் அனுப்பினார். அக்கா ஒரு துண்டும் தொடவில்லை. எண்ணிக்கை நன்றாக இருந்ததால் அந்தக் கணக்கின் பட்டியலை நான் எடுத்துப் பார்க்கவே இல்லை. நன்றாக ஓடுகிற வண்டியின் பொனட்டைத் திறக்காதே என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்.

அதன்பிறகு நடந்தவற்றை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். அப்போது எதுவும் என் கண்ணில் படவில்லை. அக்கா வழக்கமாக இடது தோளில் போடும் பையை வலது தோளுக்கு மாற்றியிருந்தார். பட்டியல்களை வாசித்தார், ஆனால் கோடு போடவில்லை. பென்சில் கூர் மழுங்காமல் அப்படியே கிடந்தது. ஒருநாள் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்:

"ஹெந்தளை ஆள் என்ன மாதிரி?"

"நல்லாப் போகுது அக்கா. சனம் நல்லாச் சொல்லுது."

"சனம் நல்லாச் சொல்லுதா?"

"ஓம்."

"ம்" என்றார். கோபம் ஆறிவிட்டது என்று எனக்குச் சந்தோசம். சனம் என்ன சொல்கிறது என்று எனக்கு எந்த மண்ணும் தெரியாது. சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த 'ஓம்' இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

அடுத்த கிழமை, அம்மாவுக்குச் சுகமில்லை என்று லீவு கேட்டார். கொடுத்தேன். இன்னும் ஒரு கிழமை கேட்டார். அதையும் கொடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஹெந்தளை வைத்தியர் புதிய சொற்கள் வேண்டுமென்று போன் எடுத்தார். சேர்ந்து கிடந்த ஐந்து கிழமைப் பட்டியலையும் ஒன்றாகத் தாளில் எடுத்தேன். காலை பத்து மணி இருக்கும். கடற்கரைப் பக்கம் ரயில் போன சத்தம் கேட்டது. அக்கா இல்லாத மேசையில் இருந்து, அவருடைய பென்சிலாலேயே, அவர் செய்வதைப்போல் விளையாட்டாகக் கடைசிச் சொற்களுக்குக் கீழ் கோடு இழுத்துக்கொண்டு போனேன். முதல் கிழமையின் தாளில் நடுப்பகுதியில் இந்த வரி இருந்தது.

'மார்புக் கட்டி ஒபரேஷன் செய்தால் எத்தனை நாள் தூக்கக்கூடாது அம்மா.'

கொழும்பு 13. காலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில். ஒருவர் அமத்தியிருந்தார்.

'அம்மா'வின் கீழ் கோட்டை இழுத்த பிறகுதான் நான் வாசித்தேன். கொழும்பு 13 என்றால் கொட்டாஞ்சேனை. அங்கே எத்தனை ஆயிரம் வீடு, எத்தனை அம்மாமார் என்று மனம் வாதாடிப் பார்த்தது. ஆனால் காலை ஐந்து மணிக்கு ஒரு தாயைத் தூக்குகிற பெண் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அக்காவுக்குப் போன் எடுத்தேன், நிற்பாட்டி வைத்திருந்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நின்ற நேரத்தில் பக்கத்துப் பஸ்ஸில் ஒரு பெண் யன்னலோரமாய்ப் போனில் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். அதை அடிக்காதே என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

ஒழுங்கைக்குள் நுழையும்போதே எண்ணெய் மணம். கதவு சும்மா சாத்தியிருந்தது. பதினொரு மணியாகியும் தாய் கதிரையில் இல்லை, கட்டிலில் கிடந்தார். அதைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா உள்ளேயிருந்து வந்தார். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். சேலைச் சட்டைக்குள் ஏதோ பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தது, பச்சை ஊறித் தெரிந்தது. என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையில் மடித்திருந்த தாளைப் பார்த்தார்.

"இப்பதான் வாசிச்சனீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. இப்பதான்."

"சரி, இருங்கோ."

எனக்கு இருக்க முடியவில்லை. "அது பொய் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்."

"தெரியும்."

"அந்த வசனம் நான் எழுதினது."

"அதுவும் தெரியும். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறியள். நல்லா எழுதியிருக்கிறியள் தம்பி."

குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே சொன்னார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"பிறகு ஏன் அக்கா அமத்தினீங்கள்?"

"விடியப்புறம் அம்மாவைத் தூக்கப் போனன். கை உயரேல்ல. நான் தூக்குவன் எண்டு அம்மா என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. போனை எடுத்தன். அந்த நேரத்தில பொய்யெண்டு தெரிஞ்சிருந்து ஒரு பிரயோசனமும் இல்ல தம்பி."

"எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே."

"தொடமாட்டன் எண்டு சொன்ன வாய். அந்த வாயால என்னெண்டு சொல்லுறது?"

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "எனக்குத் தெரியவேணும் எண்டா அக்கா அதை அடிச்சனீங்கள்?"

"பொய் சொல்லமாட்டன். அடிக்கேக்க உங்கட நினைவே வரேல்ல. பிறகுதான் வந்தது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "திங்கட்கிழமை பட்டியல் பாப்பார் எண்டு நினைச்சன். அடுத்த திங்களும் நினைச்சன்."

ஐந்து திங்கட்கிழமை. நான் அந்த நாட்களில் என்னென்ன செய்தேன் என்று யோசித்தேன். ஒரு திங்கள் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டிலில் இருந்து தாய் ஏதோ சத்தமிட்டார். அக்கா எழும்பப் போனார். நானே தூக்குகிறேன் என்று மறித்தேன். 

"அப்ப வடிவாத் தூக்குங்கோ" என்று பக்கத்தில் நின்று சொல்லித்தந்தார். பழைய சேலை ஒன்றை நாலாக மடித்துத் தாயின் முதுகைச் சுற்றிப் போடவேண்டும். நாரியை, அதாவது இடுப்பை, வளைக்காமல் முழங்காலை மடிக்கவேண்டும். "எண்ணுங்கோ. மூண்டு எண்டாத்தான் அம்மா தானும் உந்துவா." எண்ணினேன். மூன்று என்றதும் அந்த மனுசி வழங்குகிற காலை நிலத்தில் ஊன்றி எழும்பினார். கதிரையில் இருந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே என் மனைவி அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தாயை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். அக்கா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். டொக்டர் அதை எழுதிக்கொண்டாராம். ஐந்து கிழமை முந்தி வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று மனைவி கேட்டபோதும் அவர் நிமிரவில்லையாம். அந்தக் கேள்விக்கு இன்றுவரைக்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒபரேஷன் நடந்தது. பிறகு ஒரு வருடமும் சில மாதங்களும் அக்கா இருந்தார். வேலைக்கு வரவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் தாய்க்குப் பக்கத்தில்தான் அவருடைய கட்டிலும். கடைசிவரைக்கும் என்னைக் குறை சொல்லவில்லை. நான் தாயைத் தூக்கும்போது மட்டும், "நாரி, தம்பி, நாரி" என்று கட்டிலில் கிடந்தபடி சத்தம் போடுவார்.

விளம்பரத்தை நான் கொட்டாஞ்சேனையில் இருந்து திரும்பிய அன்றே நிற்பாட்டியிருந்தேன். வைத்தியருக்குப் போன் எடுத்து, வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல தம்பி, செய்யிறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம்தானே. கடவுள் சித்தம்" என்று வைத்துவிட்டார்.

இனி என் கதை. ஒரு மாதமாகச் சோறு எனக்கு நெஞ்சுக்குள் நிற்கிறது. தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது. முதலில் மெதுவான பாண் துண்டு நிற்கவில்லை. இப்போது பாணும் நிற்கிறது. மனைவிக்குச் சொல்லவில்லை. அவசரமாகச் சாப்பிடுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை ஏழு மணி. அம்மாவைத் தூக்கிக் கதிரையில் வைக்கிற நேரம். அவர் அக்காவின் தாய், என்னைப் பெற்றவர் இல்லை. ஆனால் இந்த வீட்டில் அவரை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். சேலையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, கையில் போனை எடுத்தேன். சோறு விழுங்க ஏலாமல் இருப்பது, ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் என்று அடித்துக்கொண்டு போனேன். கடைசியில் என் பெருவிரல் ஒரு சொல்லை அடித்தது. அம்மா.

இந்தமுறை அழிக்காமல் தேடவிட்டேன். எல்லாப் பதிலுக்கும் மேலே ஒரு விளம்பரம் வந்து நின்றது. இடத்தின் பெயர் வேறு, போன் நம்பர் வேறு. வசனம் என்னுடையது. 'உங்கள் வீட்டை ஒருநாளும் விட்டுப் பிரியாமல்.'

யார் எழுதியது, எப்படி எழுதியது, அந்தச் சொற்கள் யாருடைய வாயிலிருந்து வந்தன என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்திருந்தும் விரல் அதை நோக்கிப் போனது. என் கண்ணாலேயே பார்த்தேன்.

போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன். அம்மா நான் எண்ணப்போவதைக் காத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி இருந்தார்.

"இஞ்சேரும்" என்று குசினிப் பக்கம் கூப்பிட்டேன். "ஒருக்கா வாரும். உம்மட்ட ஒண்டு கேக்கவேணும்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். என் முகத்தைக் கண்டதும் அவள் முகம் மாறியது. பட்டியலில் வாசித்தால் ஒரு வரிதான். வாயால் சொல்ல எனக்குக் கனநேரம் பிடித்தது. ஆனால் கடைசிச் சொல்லையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன்.